கிளவுட் முதுநிலைப் படிப்பு: எதைப் பார்த்துச் சேர்வது, சேர்ந்தபின் என்ன செய்வது

ஒரு கன்டெய்னர் (ஒரு புரோகிராமையும் அதற்குத் தேவையானவற்றையும் ஒன்றாகக் கட்டி இயக்கும் பொதி) 137 என்ற எண்ணைக் காட்டிவிட்டு நின்றுபோகிறது, என்ன நடந்திருக்கும்? கிளவுட் கம்ப்யூட்டிங்கில் முதுநிலைப் பட்டம் முடித்து வேலைக்கு வருபவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். விண்ணப்பத்தில் அமேசானின் ஏ.டபிள்யூ.எஸ்., மைக்ரோசாஃப்டின் அஸூர் ஆகிய கிளவுட் சேவைகள், கன்டெய்னர்களை உருவாக்கும் டாக்கர், அவற்றை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ், கோப்பில் எழுதியபடி சர்வர்களை உருவாக்கும் டெராஃபார்ம் என்று அரைப் பக்கத்துக்குப் பெயர்கள் வரிசைகட்டி நிற்கும். ஆனால் இந்தக் கேள்விக்குச் சிலர், "மறுபடி இயக்கிப் பார்ப்பேன்" என்பார்கள். சிலர், "நினைவகம் போதவில்லை, வரம்பைக் கூட்டுவேன்" என்பார்கள்; அது பாதி சரி. அபூர்வமாக ஒருவர் நிதானமாகப் பிரித்துச் சொல்வார்: 137 என்பது 128-உம் 9-உம் சேர்ந்தது. 9 என்பது ஒரு புரோகிராமை எந்த அவகாசமும் தராமல் கொல்லும் லினக்ஸ் சிக்னல். ஒதுக்கிய நினைவகத்தைத் தாண்டினால் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கர்னல் அதை அனுப்பும். புரோகிராமை முறையாக நிறுத்தச் சொல்லி, குபர்நெட்டிஸ் வழக்கமாகத் தரும் 30 வினாடிக்குள் அது நிற்காவிட்டாலும் அதே 9-தான் வரும். ஆகவே வரம்பைக் கூட்டுமுன் இரண்டில் எது என்று பார்க்க வேண்டும்.

இந்தப் பதிலில் கிளவுட் என்ற சொல்லே வரவில்லை. இது ஆப்பரேட்டிங் சிஸ்டம் வகுப்பில் கற்றுக்கொள்ளும் விஷயம். முதுநிலைப் படிப்பைத் தேர்ந்தெடுப்பது பற்றி நான் சொல்ல வந்தது பெரும்பாலும் இதிலேயே அடங்கிவிடும். ஆனாலும் விவரமாகச் சொல்கிறேன். சர்வர் அறையில் பழுதான டிஸ்க்குகளை மாற்றுவதில் தொடங்கி, வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்பில் முதுநிலை முடித்து, இப்போது ஒரு பிளாட்ஃபார்ம் குழுவில் (மற்றவர்களின் மென்பொருள் ஓடும் தளத்தைப் பராமரிக்கும் குழு) பணியாற்றுகிறேன். ஆள் எடுக்கும்போது நேர்காணலிலும் உட்காருகிறேன். படித்தவனாகவும் ஆள் எடுப்பவனாகவும் பார்த்ததை வைத்து எழுதியது இது.

யாருக்கு இந்தப் படிப்பு தேவை

ஏற்கெனவே சிஸ்டம் அட்மினாகவோ நெட்வொர்க் பொறியாளராகவோ இருப்பவர்களுக்கு இந்தப் படிப்பு நன்றாகப் பலன் தரும். கை வேலை அவர்களுக்குத் தெரியும். ஏன் அப்படி நடக்கிறது என்பதுதான் விடுபட்டிருக்கும். இரண்டு டேட்டா சென்டர்களுக்கு நடுவில் இணைப்பு அறுந்தால் டேட்டாபேஸ் ஏன் எழுத மறுக்கிறது என்று அனுபவத்தில் பார்த்தவருக்கு, எரிக் புரூவர் 2000-இல் முன்வைத்து, கில்பர்ட்டும் லிஞ்சும் 2002-இல் நிரூபித்த கேப் (CAP) தேற்றம் ஒரே வகுப்பில் புரிந்துவிடும். அந்த அனுபவம் இல்லாதவருக்கு அது தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் மூன்று எழுத்துகள்.

கணினி அறிவியலில் இளநிலை முடித்த கையோடு சேர நினைப்பவர் சற்று யோசிக்க வேண்டும். ஆப்பரேஷன்ஸ் பக்கம் ஒரு வேலை கைவசம் இருந்தால் அதை ஏற்றுக்கொண்டு பகுதி நேரமாகப் படிப்பதே நல்லது என்பது என் கருத்து. முழு நேரம்தான் வாய்ப்பு என்றால் படிப்புக் காலத்திலேயே இன்டர்ன்ஷிப் கட்டாயமாக உள்ள திட்டத்தைத் தேடுங்கள்.

வேறு துறையிலிருந்து வருபவர்களுக்கு ஒரே எச்சரிக்கை: அடிப்படைப் பாடங்களைத் தாண்டிக் குதிக்க விடும் திட்டத்தில் சேராதீர்கள். முதல் பருவத்தில் ஆப்பரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க், புரோகிராமிங் மூன்றையும் இணைப்புப் பாடமாக வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால், ஒரு வருடம் கழித்து, பட்டம் இருந்தும் 137-க்கு முன்னால் விழிக்க நேரும்.

பாடத்திட்டத்தைப் படிக்கும் விதம்

விளம்பரப் பக்கத்தை மூடிவிட்டுப் பாடத்திட்டத்தின் முழு ஆவணத்தைக் கேட்டு வாங்குங்கள். பிறகு ஒரு பென்சிலை எடுத்து, ஒவ்வொரு தலைப்புக்கும் பக்கத்தில் அந்தக் கருத்து பிறந்த ஆண்டை எழுதுங்கள். விளையாட்டாகத் தோன்றும். ஆனால் ஒரு படிப்பை எடைபோட இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

கணினித் திறனைத் தொலைபேசிச் சேவையைப் போலப் பொதுப் பயன்பாடாக விற்கலாம் என்று ஜான் மெக்கார்த்தி பேசியது 1961-இல். ஒரே இயந்திரத்தைப் பல இயந்திரங்களாகக் காட்டும் வித்தையை ஐ.பி.எம். தன் மெயின்ஃபிரேம்களில் 1960-களிலேயே செய்துவிட்டது. பல கணினிகள் சேர்ந்து இயங்கும்போது எது முன், எது பின் என்று தீர்மானிப்பது எப்படி என்ற லெஸ்லி லாம்போர்ட்டின் கட்டுரை 1978. ஒரு இயந்திரத்தைப் பலவாகக் காட்டும் ஸென் ஹைப்பர்வைசர், கூகுள் ஃபைல் சிஸ்டம் ஆகியவை பற்றிய கட்டுரைகள் இரண்டும் 2003. மேப்ரெட்யூஸ் 2004. அமேசானின் எஸ்3 (சேமிப்பிடம்), ஈசி2 (வாடகை சர்வர்) சேவைகள் 2006-இல் வந்தன. டைனமோ கட்டுரை 2007, ஸ்பேனர் 2012, ராஃப்ட் 2014. குபர்நெட்டிஸை கூகுள் வெளியிட்டதும் 2014-இல்தான். அதன் முன்னோடியான போர்க் பற்றிய கட்டுரை 2015-இல் வெளிவந்தது.

உங்கள் பென்சில் குறிப்புகள் 1960-களிலிருந்து இன்றுவரை பரவி நின்றால் அது படிப்பு. எல்லாமே கடந்த மூன்று, நான்கு ஆண்டுகளுக்குள் முடங்கிவிட்டால் அது தயாரிப்புப் பயிற்சி. பயிற்சியைக் குறைத்துச் சொல்லவில்லை. அதை அந்தந்த நிறுவனங்களே இணையத்தில் தருகின்றன, அதில் பெரும்பகுதி இலவசம். அதற்காக முதுநிலைக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. தவிர, தயாரிப்புகள் நிலைப்பதில்லை. விண்டோஸ் அஸூர் 2014-இல் மைக்ரோசாஃப்ட் அஸூர் ஆனது. அஸூர் ஆக்டிவ் டைரக்டரி 2023-இல் என்ட்ரா ஐ.டி. ஆனது. குபர்நெட்டிஸ் 2022-இல் தன் 1.24 பதிப்பில் டாக்கரை நேரடியாகப் பயன்படுத்தும் இணைப்பை நீக்கிவிட்டது. டெராஃபார்மின் உரிமம் 2023-இல் மாறியதும் அதிலிருந்து ஓப்பன்டோஃபு பிரிந்தது. எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று படித்தவர் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்க வேண்டும். நினைவக வரம்பைக் கர்னல் எப்படிச் செயல்படுத்துகிறது என்று படித்தவருக்கு இந்த மாற்றங்கள் ஒரு மதிய நேரத்து வேலை.

அமெரிக்கத் தரநிலை அமைப்பான நிஸ்ட் 2011-இல் வெளியிட்ட கிளவுட் வரையறை எல்லாப் பாடத்திட்டத்திலும் முதல் வாரத்தில் இருக்கும்: ஐந்து இயல்புகள், மூன்று சேவை வகைகள், நான்கு நிறுவும் முறைகள். ஏழு பக்கங்கள் கொண்ட சிறு ஆவணம் அது. ஒரே அமர்வில் படித்துவிடலாம். இதை வைத்தே ஒரு முழுப் பருவத்தை ஓட்டும் பாடத்திட்டங்களையும் பார்த்திருக்கிறேன். ஓடிவிடுங்கள்.

கல்லூரியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ் (பல கணினிகள் சேர்ந்து இயங்குவது பற்றியது) கட்டாயப் பாடமா, விருப்பப் பாடமா? அதில் மாணவர்கள் புரோகிராம் எழுத வேண்டுமா, அல்லது கட்டுரை எழுதினால் போதுமா? லேபுக்கான கிளவுட் கணக்கு யாருடைய செலவில், அதற்கு உச்சவரம்பு உண்டா? கடைசிப் பருவத்தில் ஆய்வேடா, குழுத் திட்டமா? இவற்றை அலுவலகத்தில் கேட்டால் இனிமையான பதில் கிடைக்கும். சென்ற ஆண்டு முடித்த ஒருவரைத் தேடிப் பிடித்து, "இறுதித் திட்டமாக நீங்கள் என்ன சமர்ப்பித்தீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்வதற்கு விஷயம் இருந்தால் படிப்பிலும் விஷயம் இருக்கிறது.

பட்டத்தின் பெயரில் கிளவுட் இருந்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. கணினி அறிவியல் முதுநிலையில் சிஸ்டம்ஸ் பிரிவை எடுத்துப் படித்தவர்களைத்தான் எங்கள் குழுவில் நாங்கள் அதிகம் தேர்ந்தெடுத்திருக்கிறோம். முழுக்க இணையவழியில் படிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: ஜார்ஜியா டெக் 2014-இல் தொடங்கிய இணையவழி முதுநிலை கணினி அறிவியல் படிப்புக்குப் பின் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை. வேலையில் இருப்பவருக்கு அதுவே வசதி. ஆனால் கூடப் படிப்பவர்களை நீங்களாகத் தேடிச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

வகுப்பு தொடங்குமுன்

லினக்ஸ், நெட்வொர்க், ஒரு மொழி: இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போங்கள். மொழி பைத்தானாகவோ கோ-வாகவோ இருக்கலாம். குபர்நெட்டிஸும் டெராஃபார்மும் கோ-வில் எழுதப்பட்டவை என்பதால், பின்னாளில் அவற்றின் உள்ளே எட்டிப் பார்க்க விரும்புபவருக்கு அது உதவும்.

லினக்ஸுக்கு ஒரு பழைய மடிக்கணினி போதும். அதில் நிறுவி அன்றாடம் பயன்படுத்துங்கள். ஒரு சேவை ஏன் எழவில்லை, டிஸ்க் ஏன் நிரம்பியது, எந்த புரோகிராம் எந்த போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று கட்டளை வரியிலேயே கண்டுபிடிக்கப் பழகுங்கள். அழித்த லாக் கோப்பை ஒரு புரோகிராம் இன்னும் திறந்து வைத்திருந்தால் டிஸ்க்கில் இடம் திரும்பக் கிடைக்காது. இதை ஒருமுறை நீங்களே செய்து பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

நெட்வொர்க்கில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கிளவுட்டில் நீங்கள் செய்யப்போகும் முதல் உருப்படியான வேலை, உங்களுக்கென்று ஒரு தனி நெட்வொர்க்கை வகுப்பதாக இருக்கும். 10.0.0.0/16 என்று எழுதினால் 65,536 முகவரிகள். அதிலிருந்து 10.0.1.0/24 என்று ஒரு துண்டை வெட்டினால் 256. ஆனால் ஏ.டபிள்யூ.எஸ்.-இல் அந்தத் துண்டில் 251 சர்வர்களுக்கு மேல் முகவரி கிடைக்காது. முதல் நான்கையும் கடைசி ஒன்றையும் அது தனக்கென்று வைத்துக்கொள்கிறது: பூஜ்யம் நெட்வொர்க்கின் பெயர், ஒன்று ரூட்டர், இரண்டு டி.என்.எஸ்., மூன்று எதிர்காலத் தேவைக்கு, 255 பிராட்காஸ்ட். இது அற்ப விஷயமாகத் தெரியலாம். குபர்நெட்டிஸில் ஒவ்வொரு பாடுக்கும் (pod: கன்டெய்னர்கள் ஓடும் சிறு அலகு) ஒரு முகவரி வேண்டும் என்னும்போது, சிக்கனமாக வெட்டிய துண்டு நள்ளிரவில் தீர்ந்துபோகும். அப்போது புதிய பாடுகள் எழாமல் அப்படியே நிற்கும். அதைவிட மோசம், இரண்டு நெட்வொர்க்குகளுக்கும் ஒரே எண் வரிசையைக் கொடுத்துவிட்டுப் பிறகு இரண்டையும் இணைக்க முயல்வது. தாளில் கணக்குப் போட்டுப் பழகுங்கள். கருவி தானே கணக்கிடுமே என்பீர்கள். கணக்கிடும், ஆனால் என்ன கேட்க வேண்டும் என்று அதற்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

லேப் வேலை

படிப்பில் ஒரே ஒரு பாடத்தில் மட்டும் உயிரைக் கொடுத்து உழைக்க முடியும் என்றால், டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் கல்லூரியில் அது பலவீனமாக இருந்தால், எம்.ஐ.டி.யின் 6.5840 பாடத்தின் விரிவுரைகளும் லேப் பயிற்சிகளும் இணையத்தில் திறந்தே கிடக்கின்றன. முன்பு அதன் எண் 6.824. அதில் கோ மொழியில் மேப்ரெட்யூஸை எழுத வேண்டும், பிறகு ராஃப்ட்டை எழுத வேண்டும்.

ராஃப்ட் என்பது பல சர்வர்கள் ஒரே முடிவுக்கு வரும் முறை. ஐந்து சர்வர்களில் இரண்டு இறந்தாலும் மீதி மூன்று சேர்ந்து தலைமையைத் தேர்ந்தெடுத்துத் தொடரும். தலைவரிடமிருந்து செய்தி வராமல்போனால் ஒவ்வொரு சர்வரும் 150 முதல் 300 மில்லிவினாடிக்குள் ஏதோ ஒரு கணத்தில் எழுந்து, "நான் தலைவர் ஆகிறேன், வாக்களியுங்கள்" என்று கேட்கும் என்பது அந்தக் கட்டுரை சொல்லும் எடுத்துக்காட்டு. அந்த நேரம் ஏன் தற்செயலாக இருக்க வேண்டும்? எல்லோரும் ஒரே கணத்தில் எழுந்தால் வாக்குகள் சிதறும், யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காது. தாளில் படிக்கும்போது இது அழகாக இருக்கும். எழுதிப் பார்க்கும்போது, சோதனை தொண்ணூற்றொன்பது முறை தேறிவிட்டு நூறாவது முறை சொதப்பும். அந்த நூறாவது முறையின் லாகை வரிக்கு வரி பிரித்து, மூன்றாவது சர்வர் பழைய தேர்தல் சுற்றின் வாக்கைத் தவறாக எண்ணிக்கொண்டது என்று கண்டுபிடிக்கும் பொறுமைதான் பிற்காலத்தில் உங்களுக்குச் சம்பளமாகத் திரும்பி வரும். குபர்நெட்டிஸ் தன் நிலையை வைத்திருக்கும் ஈடிசிடி (etcd) என்ற டேட்டாபேஸின் உள்ளே ஓடுவதும் இதே ராஃப்ட்தான்.

கிளவுட் கணக்கில் பயிற்சி செய்பவர்கள் முதல் நாளே செலவு எச்சரிக்கையை அமைத்துவிடுங்கள். அது எச்சரிக்கை மட்டுமே, செலவை நிறுத்தாது என்பதையும் நினைவில் வையுங்கள். சர்வரை நிறுத்திவிட்டால் பில் நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். சர்வர் நிற்கும், அதோடு ஒட்டிய டிஸ்க், ஒதுக்கிய பொது ஐ.பி. முகவரி, சுமையைப் பகிரும் லோடு பேலன்சர், வெளி இணையத்துக்கு வழிவிடும் நாட் (NAT) கேட்வே எல்லாவற்றுக்கும் பில் ஓடிக்கொண்டே இருக்கும். எனவே எதையும் கன்சோலில் கையால் உருவாக்காதீர்கள். டெராஃபார்ம் போன்ற ஒன்றில் எழுதி உருவாக்குங்கள். வேலை முடிந்ததும் ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் அழித்துவிடலாம். கணக்கின் ரகசியச் சாவிகளைப் புரோகிராமோடு சேர்த்துப் பொதுவில் ஏற்றிவிடக் கூடாது என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? அவற்றைத் தேடுவதற்கென்றே தானியங்கிகள் இணையம் முழுக்க அலைகின்றன.

ஆய்வேட்டுத் தலைப்பு

"கிளவுட்டில் ஆட்டோஸ்கேலிங்" (சுமைக்கேற்பத் தானே கூடிக் குறைவது) என்று தலைப்பு வைத்தால் முடிவே வராது. என் ஆய்வேடு அதே துறையில்தான். ஆனால் வழிகாட்டி அதைச் சுருக்கிச் சுருக்கி ஒரே கேள்வியாக்கினார்: வரும் சுமை திடீரென மூன்று மடங்கானால் முதல் ஒரு நிமிடத்தில் எத்தனை கோரிக்கைகள் தோற்கின்றன, ஏன்? குபர்நெட்டிஸில் பாடுகளின் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைக்கும் ஹெச்.பி.ஏ. வழக்கமாக 15 வினாடிக்கு ஒருமுறைதான் நிலவரத்தைப் பார்க்கும். பார்த்தபின் பாடுகளைக் கூட்டும். இயந்திரத்தில் இடம் இல்லையென்றால் புதிய இயந்திரம் வரவேண்டும். அது எழ வேண்டும். கன்டெய்னர் இமேஜ் இறங்க வேண்டும். புரோகிராம் தயாராக வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் கடிகாரம் வைத்து அளந்ததே ஆய்வு. பிரமாதமான கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. ஆனால் அதன் பிறகு எந்த நேர்காணலிலும் அதைப் பற்றி அரை மணி நேரம் திணறாமல் பேச முடிந்தது, ஒவ்வொரு எண்ணும் நானே அளந்தது என்பதால்.

இப்போது தொடங்குபவருக்கு நல்ல களங்கள் நிறைய இருக்கின்றன. சர்வர்லெஸ் சேவைகளில் (சர்வரை நாமே நிர்வகிக்கத் தேவையில்லாதவை) முதல் அழைப்புக்கு ஆகும் தாமதம் ஒன்று. அமேசானின் ஃபயர்கிராக்கர் மென்பொருள் பற்றிய 2020 கட்டுரையிலிருந்து தொடங்கலாம். ஜி.பி.யு.க்களைப் பலருக்குப் பங்கிட்டுத் தருவது இன்னொன்று. ஒரே வேலையைக் குறைந்த மின்சாரத்தில் செய்வது மற்றொன்று. யூஸ்னிக்ஸ் அமைப்பின் ஓ.எஸ்.டி.ஐ., என்.எஸ்.டி.ஐ. மாநாட்டுக் கட்டுரைகள் அனைவருக்கும் இலவசம். வாரம் ஒன்று படியுங்கள். முழுவதும் புரியாது, அறிமுகம், வடிவமைப்பு, அளவீடு ஆகிய பகுதிகள் புரிந்தாலே போதும்.

சான்றிதழ்கள்

ஒன்று போதும். ஏ.டபிள்யூ.எஸ். சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். விண்ணப்பங்களை வடிகட்டும் நிலையைத் தாண்ட அசோசியேட் நிலையில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். நான் மதிப்பது குபர்நெட்டிஸ் நிர்வாகத்துக்கான சி.கே.ஏ.-வை. சரியான விடையை டிக் செய்யும் தேர்வு இல்லை அது. இரண்டு மணி நேரம் கட்டளை வரியில் உட்கார்ந்து உண்மையான கிளஸ்டர்களைச் சரிசெய்ய வேண்டும். ஒரு டஜன் சான்றிதழ்களை அடுக்கியவரைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வருகிறது. இவர் எப்போது வேலை செய்தார்?

வேலைகள் எங்கே இருக்கின்றன

முதல் வேலையைப் பிடிப்பதுதான் இந்தத் துறையில் கடினம். உற்பத்தியில் ஓடும் அமைப்பைப் புதியவர் கையில் ஒப்படைக்க எல்லோருக்கும் பயம். அதனால் நுழைவதற்கு நான் முதலில் பரிந்துரைப்பது பலர் ஏளனமாகப் பார்க்கும் சப்போர்ட் பொறியாளர் பணி. கிளவுட் நிறுவனங்களின் சப்போர்ட் பிரிவில் ஒரு வருடம் இருந்தால், வேறு எங்கும் பத்து வருடங்களில் காணாத வகைவகையான கோளாறுகளைப் பார்த்துவிடலாம்.

சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் என்ற பதவியைக் கனவு காண்பவர்கள் நிறையப் பேர். அது முதல் வேலை அல்ல. வரைபடம் வரைவது எளிது. அந்த வரைபடத்தின்படி கட்டியது இரவு இரண்டு மணிக்கு விழும்போது அங்கே இருந்திருக்க வேண்டும்.

பிளாட்ஃபார்ம் பொறியாளர், டெவ்ஆப்ஸ் பொறியாளர் என்ற பெயர்களில் வரும் வேலைகள்தான் எண்ணிக்கையில் அதிகம். பெயரை நம்ப வேண்டாம், வேலை விவரத்தைப் படியுங்கள். எஸ்.ஆர்.இ. (சைட் ரிலையபிலிட்டி என்ஜினியரிங்) என்பது 2003-இல் கூகுளில் தொடங்கிய முறை. அளவுகோல் வைத்து நம்பகத்தன்மையை நிர்வகிப்பது. மாதத்துக்கு 99.9 சதவீதம் என்று வாக்குக் கொடுத்தால், 30 நாளில் 43 நிமிடம் விழலாம் என்று பொருள். அப்படி 99.9 சதவீதம் உள்ள இரண்டு சேவைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் மொத்தம் 99.8 ஆகிவிடும். இந்தக் கணக்கை வைத்து, இந்த வாரம் புதிய பதிப்பை வெளியிடலாமா என்று முடிவு செய்வார்கள். எண்களோடு பழகப் பிடித்தவர்களுக்கு ஏற்ற இடம்.

பாதுகாப்புப் பக்கம் ஆள் பற்றாக்குறை தீர்வதாக இல்லை. 2019-இல் அமெரிக்காவின் கேபிட்டல் ஒன் வங்கியில் நடந்த தரவுத் திருட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள் வெளியேறின. தவறாக அமைக்கப்பட்ட ஒரு ஃபயர்வால் வழியாக, சர்வருக்கு உள்ளிருந்து மட்டுமே எட்டக்கூடிய 169.254.169.254 என்ற முகவரியைக் கேட்க வைத்து, அங்கிருந்து தற்காலிகச் சாவிகளைப் பெற்றார் ஊடுருவியவர். அந்தச் சாவிகளுக்குத் தேவைக்கு மேல் அதிகாரம் இருந்தது. யாருக்கு எவ்வளவு அனுமதி என்ற சலிப்பூட்டும் பாடத்தில் தேர்ந்தவருக்கு வேலை தேடி வரும்.

செலவைக் கட்டுப்படுத்தும் ஃபின்ஆப்ஸ், பொறியியலும் கணக்கும் தெரிந்தவர்களுக்கு. சொந்த டேட்டா சென்டர் வேலைகளும் ஒழிந்துவிடவில்லை. மெய்நிகர் இயந்திர மென்பொருள் நிறுவனமான விஎம்வேரை பிராட்காம் 2023-இல் வாங்கி உரிம முறையை மாற்றியதிலிருந்து, சொந்தக் கிளவுட் அமைக்க உதவும் ஓப்பன்ஸ்டேக் தெரிந்தவர்களை மறுபடியும் விசாரிக்கிறார்கள். செயற்கை நுண்ணறிவுக்கான ஜி.பி.யு. கிளஸ்டர்களை நடத்துவது இப்போது சூடான துறை. அங்கே நெட்வொர்க் தெரிந்தவருக்குத்தான் முதல் மரியாதை, ஆயிரக்கணக்கான ஜி.பி.யு.க்கள் ஒன்றுக்கொன்று காத்திருக்கும் இடத்தில் ஒரு கேபிள் கோளாறு மொத்தத்தையும் மந்தமாக்கும்.

செயற்கை நுண்ணறிவே டெராஃபார்ம் கோப்பை எழுதித் தருகிறதே, இனி நாம் எதற்கு என்று கேட்கிறார்கள். எழுதுவது எளிதாகிவிட்டது, உண்மைதான். அதை இயக்குமுன் வரும் முன்னோட்டத்தைப் படிக்க ஆள் வேண்டும். அந்தப் பட்டியலில் நூறு வரிகள் நடுவே, டேட்டாபேஸின் பெயருக்கு முன்னால் -/+ என்று ஒரு குறி இருக்கும். அதன் பொருள்: மாற்றப் போவதில்லை, அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்கப் போகிறது. அந்தக் குறியைக் கண்டதும் கை நின்றுவிடும் ஆளைத்தான் நாங்கள் தேடுகிறோம்.

விண்ணப்பமும் நேர்காணலும்

விண்ணப்பத்தில் கருவிகளின் பட்டியலை இரண்டு வரிக்குள் அடக்குங்கள். மீதி இடத்தில் நீங்கள் கட்டிய ஒன்றை எழுதுங்கள். அதை எப்படி உடைத்துப் பார்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஒரு ஸோனை (கிளவுட்டில் தனித்து இயங்கும் டேட்டா சென்டர் பகுதி) முழுவதும் அணைத்தால் என்ன ஆனது, டேட்டாபேஸை பேக்கப்பிலிருந்து மீட்க எத்தனை நிமிடம் ஆனது என்று ஒரு எண்ணாவது இருக்கட்டும். பேக்கப் எடுத்ததாக எல்லோரும் எழுதுகிறார்கள். மீட்டுப் பார்த்ததாக எழுதுபவர் அரிது. 2017 ஜனவரியில் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு டேட்டாபேஸ் தவறுதலாக அழிந்தபோது, வைத்திருந்த ஐந்து பேக்கப் வழிகளில் ஒன்றுகூட முறையாகக் கைகொடுக்கவில்லை. அதை அவர்களே பகிரங்கமாக எழுதி வெளியிட்டார்கள்.

அதுபோன்ற போஸ்ட்மார்ட்டம் அறிக்கைகளைத் தேடிப் படிப்பதே நேர்காணலுக்கு மிகச் சிறந்த தயாரிப்பு. 2017 பிப்ரவரி 28 அன்று எஸ்3 விழுந்ததைப் பற்றி அமேசான் எழுதியதிலிருந்து தொடங்குங்கள். சில சர்வர்களை மட்டும் விலக்க வேண்டிய கட்டளையில் ஓர் உள்ளீடு தவறாகிப்போய், அதிக சர்வர்கள் விலகிவிட்டன. சேவைகளின் நிலையைக் காட்டும் அவர்களுடைய பக்கமே எஸ்3-ஐ நம்பியிருந்ததால், எல்லாம் விழுந்த பின்னும் அந்தப் பக்கத்தைத் திருத்த முடியவில்லை. நேர்காணலில் ஒரு வரைபடத்தைக் கொடுத்து, "இதில் எது முதலில் உடையும்?" என்று கேட்டால், இத்தகைய அறிக்கைகளைப் படித்தவரின் கண் போகும் இடமே வேறு.

தெரியாத கேள்வி வந்தால் எப்படித் தேடுவீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போங்கள். டி.என்.எஸ். சரியா, போர்ட் திறந்திருக்கிறதா, சான்றிதழ் காலாவதியா, லோடு பேலன்சருக்குப் பின்னால் ஆரோக்கியமான சர்வர் இருக்கிறதா என்று படிப்படியாகச் செல்பவருக்கு, விடை கிடைக்காவிட்டாலும் மதிப்பெண் உண்டு.

வேலை உறுதியானதும், கையெழுத்திடுமுன் ஆன்-கால் (இரவிலும் கோளாறு அழைப்புக்குத் தயாராக இருக்கும் முறை) பற்றிக் கேளுங்கள். எத்தனை வாரத்துக்கு ஒருமுறை முறை வரும், அதற்குத் தனி ஊதியமோ விடுப்போ உண்டா, புதியவரை எத்தனை மாதம் கழித்து அதில் சேர்ப்பார்கள், கூட ஒரு மூத்தவர் இருப்பாரா? கடைசியாக, சென்ற மாதம் இரவில் எத்தனை அலாரங்கள் அடித்தன என்று கேளுங்கள். எண்ணைச் சொன்னால் அவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்று பொருள். எண் பெரியதாக இருந்தாலும் பேசிப் பார்க்கலாம். ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தால், யோசித்துச் சொல்ல இரண்டு நாள் அவகாசம் கேளுங்கள்.